மகளை ரொபோட்டிக்ஸ் போட்டி அணியில் சேர்ப்பதா?

உவர்மலை அம்மா:

வணக்கம். நாங்கள் திருகோணமலையில் வசிக்கிறோம். மகள் தரம் 8இல் படிக்கிறாள். ஒரு வருடமாகச் சனிக்கிழமைகளில் ஒரு தனியார் நிலையத்து ரொபோட்டிக்ஸ் வகுப்புக்குப் போய் வருகிறவளை, இப்போது தங்கள் போட்டி அணியில் சேர்க்கும்படி கேட்டிருக்கிறார்கள். சேர்ந்தால் சனிக்கிழமை பிற்பகல் 2 மணி முதல் 6 மணி வரையும், போட்டி நெருங்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சி இருக்கும். இரண்டு ஆண்டுகள் முடியும்வரை இடையில் விலகக் கூடாது என்று பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்குகிறார்கள். போட்டிகள் பெரும்பாலும் கொழும்பில் என்பதால் இரவுப் புகையிரதத்தில் போய் வர வேண்டும்.

அவளுக்கு ஆசை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போன மாதம் ஓரிரவு, பழைய பனர் ஒன்றின் வெள்ளைப் பக்கத்தை விறாந்தையில் விரித்து, கறுப்பு இன்சுலேசன் ரேப்பால் வளைத்து வளைத்துக் கோடு ஒட்டி, அதன்மேல் தன் சிறிய வண்டியை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். வண்டி ஒவ்வொரு முறையும் அதே வளைவில் கோட்டை விட்டு வெளியே போனது. சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. பத்தரை மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது, முன்னால் இருந்த, கோட்டை உணரும் சென்சரை அரை அங்குலம் தள்ளிக் கட்டி, வேகத்தையும் குறைத்திருந்தாள். வண்டி வளைவைச் சுற்றி வந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்து நிற்காமல், உடனேயே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டத் தொடங்கிவிட்டாள்.

என்றாலும் மனம் துணியவில்லை. ஆறு வருடமாகப் பயிலும் பரதத்தையும் ஞாயிறு அறநெறி வகுப்பையும் விட வேண்டி வரும். இரண்டு ஆண்டு என்றால் தரம் 10இற்குள் போய்விடும். அதன்பின் சாதாரண தரப் பரீட்சை. கணவர் வெளிநாட்டில் இருப்பதால் அழைத்துத் திரிய நான் ஒருத்திதான். தாயம் விளையாடித் தோற்றாலே முகம் வாடுகிற பிள்ளை, இவ்வளவு பாடுபட்டுத் தோற்றால் எப்படித் தாங்குவாள் என்றும் யோசிக்கிறேன். பிள்ளைகளை அனுப்பியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

பாலையூற்று அப்பா:

சகோதரி, என் மகன் சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு நிலையத்தின் அணியில் இருந்தான். அதன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. போட்டிக்கு முதல் நாள் இரவு, ரொபோவை இயக்கப் பிள்ளைகள் இரண்டு மாதமாக எழுதித் திருத்திய நிரலைப் பயிற்றுநர் முழுவதுமாக நீக்கிவிட்டுத் தான் எழுதியதை ஏற்றினார். மறுநாள் ரொபோ பிசகாமல் ஓடியது. "இந்த இடத்தில் இது ஏன் நின்று திரும்புகிறது?" என்று நடுவர் என் மகனிடம் கேட்டபோது அவனால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. கேடயம் கிடைத்தது. அதை அவன் இன்றுவரை அலுமாரியை விட்டு வெளியே எடுத்து வைக்கவில்லை.

ஆகவே பணத்தையும் நேரத்தையும் பற்றி யோசிப்பதற்கு முன்பு, கையெழுத்துப் போடாமல், ஒரு சனிக்கிழமை பயிற்சியில் ஒரு மூலையில் போய் இருங்கள். ரொபோ பிழைவிடும் நேரத்தில் யாருடைய கை விசைப்பலகைக்குப் போகிறது என்பதை மட்டும் பாருங்கள். பயிற்றுநர் கையைக் கட்டிக்கொண்டு "ஏன் இப்படி நடந்தது?" என்று கேட்கிறவராக இருந்தால் உங்கள் மகள் நல்ல இடத்தில் இருக்கிறாள். தோல்வியைத் தாங்குவாளா என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் என் மகனை வருத்தியது தோல்வி அல்ல, தன்னுடையதல்லாத வெற்றி.

தகவல் தொழினுட்ப ஆசிரியர்:

மேலே சொல்லப்பட்டது பல இடங்களில் நடக்கக்கூடியதுதான். அதைத் தடுப்பதற்கென்றே சில போட்டிகளில் விதிகள் இருப்பதால், எந்தப் போட்டிக்கு ஆயத்தம் செய்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். 2004இல் சிங்கப்பூரில் தொடங்கிய உலக ரொபோ ஒலிம்பியாட்டில், ரொபோ தானாகவே களத்துப் பணிகளைச் செய்ய வேண்டிய பிரிவில், ஓர் அணிக்கு 2 அல்லது 3 பிள்ளைகள்தான். ஓட்டம் தொடங்கும்போது ரொபோ 25 சென்ரிமீற்றர் நீள, அகல, உயரத்துக்குள் அடங்க வேண்டும். அதுவரை சொல்லாத ஒரு புதிய விதியை அன்றைய தினமே அறிவிப்பார்கள். பிள்ளைகள் வேலை செய்யும் இடத்துக்குள் பயிற்றுநருக்கு அனுமதி இல்லை. முதல் நாள் இரவு யார் எதை எழுதிக் கொடுத்திருந்தாலும், தானே விளங்கிக் கட்டாத பிள்ளை அங்கே திணறிப்போகும்.

ஃபெர்ஸ்ட் லெகோ லீக் என்ற போட்டி வேறு விதமானது. ஓர் அணியில் 10 பேர் வரை இருக்கலாம். ரொபோ களத்தில் ஓடுவது இரண்டரை நிமிடம்தான். பிள்ளைகள் செய்த ஆய்வுக்கும், கூடிச் செயற்பட்ட விதத்துக்கும் சேர்த்துப் புள்ளி உண்டு. நல்ல போட்டி. ஆனால் பத்துப் பேர் உள்ள அணியில் இரண்டு பேர் ரொபோவைத் தொட, மற்றவர்கள் ஆய்வைக் காட்டும் பதாகையில் படம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஒட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் பெண் பிள்ளைகளாக இருப்பார்கள். உங்கள் மகளுக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று வெளிப்படையாகக் கேட்பதில் தவறே இல்லை.

உபகரணத்தையும் பாருங்கள். லெகோ நிறுவனம் மைண்ட்ஸ்டோர்ம்ஸ் என்ற ரொபோத் தொகுதி வரிசையை 2022 முடிவோடு நிறுத்திவிட்டதால், அந்த வரிசையின் பழைய ஈவி3 தொகுதி ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் அணிக்கு ஒரு மோட்டர் பழுதானாலும் சிரமம். ஆர்டுயினோ என்ற சிறிய மின்சுற்றுப் பலகையில் செய்கிறவர்கள் என்றால் உதிரிப்பாகம் மலிவாகவும் தனித்தனியாகவும் கிடைக்கும். அப்படியானால் லிதியம் பற்றரியை வீட்டில் கவனிப்பாரின்றி இரவு முழுவதும் சார்ஜில் விட வேண்டாம் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. வழமையான பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளிதான். ரொபோக் கேடயத்துக்கு அதில் தனிப் புள்ளி கிடையாது. "இதில் சேர்ந்தால் பொறியியல் பீடம் நிச்சயம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முன்னாள் அணித் தங்கை:

அக்கா, நானும் திருகோணமலைதான். தரம் 7 முதல் 9 வரை அணியில் இருந்தேன். இப்போது பொறியியல் படிக்கிறேன். நாங்கள் கொழும்புக்குப் போன முதல் தடவை, மண்டபத்தின் பெரிய யன்னலால் காலை வெயில் நேரே களத்தில் விழுந்தது. எங்கள் கோடு பார்க்கும் சென்சர்கள் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்பவை. வெயிலிலும் அது இருப்பதால் கறுப்பும் வெள்ளையும் அவற்றுக்கு ஒன்றாகிவிட்டன. வகுப்பறைக் குழல்விளக்கின் கீழ் மாதக்கணக்கில் ஓடிய வண்டி அங்கே ஓரடி கூட நேராகப் போகவில்லை. மதியச் சாப்பாடு கொண்டுபோன மட்டைப் பெட்டியைக் கிழித்து, கறுப்புப் பேனையால் தீட்டி, சென்சரைச் சுற்றிப் பாவாடை போல ஒட்டினோம். சென்சர் காட்டும் அளவுகளை மீண்டும் எடுத்தோம். முதற் சுற்றிலேயே தோற்றோம். திரும்பி வரும்போது புகையிரதம் பொல்காவலை வரும்வரை அழுதோம். அதற்குப் பிறகு விடியும்வரை அடுத்த வண்டியைக் கொப்பியில் வரைந்துகொண்டு வந்தோம்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்களிடம் நடுவர்கள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் கேள்வி கேட்டார்கள். எல்லாம் தெரிந்தும் தமிழில் மட்டும் சொல்லப் பழகியிருந்ததால் எங்கள் அணி வாயடைத்து நின்றது. ரொபோவை விளக்கும் பத்து வசனங்களையாவது ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குகிறார்களா என்றும், தேவையான நேரத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டுப் பெறுவார்களா என்றும் விசாரியுங்கள்.

நான் தரம் 10 தொடங்கியதும் விலகினேன். அணி கோபித்தது, அம்மா அசையவில்லை. அம்மா செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பரதத்தைப் பற்றி நான் முடிவு சொல்ல மாட்டேன், அதை உங்கள் மகளிடமே கேளுங்கள். என்னிடம் யாரும் கேட்காமலே வயலின் வகுப்பை நிறுத்தினார்கள், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

உவர்மலை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுச் சனிக்கிழமை போய் இரண்டரை மணி நேரம் இருந்து பார்த்தேன். அணியில் நான்கு பேர். ஒரு சில்லு சுற்றாமல் நின்றபோது பயிற்றுநர் கிட்டே வந்தார், கை வைக்கவில்லை. "வயரா, நிரலா? எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டார். மகள் இரண்டு மோட்டர்களின் வயர்களை இடம் மாற்றிச் செருகினாள். இப்போது மற்றச் சில்லு நின்றது. ஆக, மோட்டரில் பிழையில்லை என்று அவளே சொன்னாள்.

இரண்டு ஆண்டு நிபந்தனையில் கையெழுத்திட மாட்டேன், தரம் 9 முடியும்வரை என்றால் சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். பரதத்தைப் பற்றி இரவு மகளிடம் கேட்டேன். நடன வகுப்பை வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்ற முடியுமா என்று தானே ஆசிரியையிடம் கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். அறநெறி வகுப்பைப் பற்றி இன்னும் பேசவில்லை.