சேமித்த தெரிவா, வைப்புத் தெரிவா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒளிப்பட மென்பொருளில் ஒரு படத்தில் உருவாக்கிய தெரிவை, அதாவது திருத்துவதற்காகக் குறித்துக்கொண்ட பகுதியை (selection), பத்திரப்படுத்தி, வேறு படங்களிலும் பயன்படுத்தும் வசதிக்குத் தமிழ் இடைமுகத்தில் 'சேமித்த தெரிவு' என்றே எழுதிவிடலாம் என்ற முன்மொழிவையும், அதற்கு மாற்றாக இராணிப்பேட்டை நண்பர் தந்த 'தெரிவச்சு' என்ற சொல்லையும் கவனமாகப் படித்தேன். இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

வேலூரில் நான் பணியாற்றும் ஸ்டூடியோவில் இந்த வசதி அன்றாடத் தேவை. ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் காலணிகளுக்கு கேட்லாக் படம் எடுக்கும்போது, கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஒரே மாதிரி ஷூவின் கறுப்பு, பழுப்பு, டேன் நிறங்களை அடுத்தடுத்து வைத்து எடுக்கிறோம். முதல் படத்தில் ஷூவின் மேல்தோலை, அடித்தோல் சேரும் விளிம்பு பிசகாமலும் லேஸ் துளைகள் உள்ளே சேர்ந்துவிடாமலும் பொறுமையாகத் தெரிவு செய்து வைத்துக்கொண்டால், மற்ற படங்களில் அதையே கொண்டுவந்து, தேவைப்பட்டால் சற்று நகர்த்திப் பொருத்திக்கொள்ளலாம். ஃபோட்டோஷாப்பில் இப்படிப் படம் விட்டுப் படம் கொண்டுசெல்ல, இரண்டு படங்களும் திறந்திருப்பதோடு ஒரே பிக்சல் அளவிலும் இருக்க வேண்டும். அளவு மாறினால் மற்ற படத்தின் பெயர் பட்டியலிலேயே வராது.

'சேமி' என்ற சொல்லில்தான் எனக்குப் பெரிய சிக்கல் தெரிகிறது. தமிழ் இடைமுகங்களில் 'சேமி' என்றால் கோப்பு வட்டில் பதிவாகிவிட்டது என்றே பயனர் புரிந்துகொள்கிறார். தெரிவைச் சேமிக்கும்போதோ அப்படி எதுவும் நடப்பதில்லை. ஜிம்ப் (GIMP) என்ற பட மென்பொருளிலும் ஃபோட்டோஷாப்பிலும் அது திறந்திருக்கும் படத்துக்குள் ஒரு கூடுதல் தடமாக (channel) சேர்கிறது, அவ்வளவே. அதன் பிறகு படத்தை அந்த மென்பொருள்களின் சொந்தக் கோப்பு வடிவங்களான எக்ஸ்சிஎஃப் (ஜிம்ப்) அல்லது பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) கோப்பாகச் சேமித்தால் தடமும் கூடவே நிற்கும். ஜேபெக் ஆக்கிவிட்டு மூலக்கோப்பைச் சேமிக்காமல் மூடினால் தடம் போய்விடும். 'சேமித்துவிட்டேனே, எங்கே போயிற்று' என்று எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கலங்கி நிற்பதற்கு அவர்களுடைய கவனக்குறைவு காரணமன்று. ஒரே வினைச்சொல்லை இரு வேறு செயல்களுக்குக் கொடுத்துவிட்ட நாம்தான் அந்தக் குழப்பத்துக்குப் பொறுப்பு.

'தெரிவச்சு' அழகான சொல். தோல் வெட்டும் அச்சைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரருக்கு உடனே விளங்கும். ஆனால் அந்த அச்சு வெட்டினால் தோல் உள்ளே, வெளியே என இரண்டாகவே பிரியும். சேமித்து வைக்கும் தெரிவு அத்தகையதன்று. 8 பிட் படத்தில் அது 0 முதல் 255 வரையிலான சாம்பல் அளவுகளால் ஆன ஒரு படம்: வெள்ளை முழுத் தெரிவு, கறுப்பு தெரிவுக்கு வெளியே, இடைப்பட்ட சாம்பல் பகுதித் தெரிவு. விளிம்பை மென்மையாக்கியிருந்தால் அந்த மென்மையும் அப்படியே காக்கப்படுவது இதனால்தான். அச்சு என்ற பெயர், வெறும் கோட்டு வடிவமாக இருக்கும் 'பாதை'க்கே (path) கூடுதலாகப் பொருந்தும். அதை ஜிம்ப்பிலிருந்து எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாக வெளியே எடுக்கலாம், ஆனால் விளிம்பு மென்மை உடன் வராது. இதைத் தவிர, தாளில் அச்சிடும் கட்டளையும் அதே மென்பொருளில் இருப்பதால் 'அச்சு' என்ற சொல் அதனோடும் குழம்பும்.

ஆகவே 'வைப்புத் தெரிவு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். வைப்புத்தொகை, வைப்பு நிதி ஆகியவற்றால் பழகிய சொல்; பின்னால் பயன்படுத்துவதற்காக ஓரிடத்தில் இட்டுவைத்தது என்ற பொருள் இயல்பாகவே வருகிறது. கட்டளையைத் 'தெரிவை வைப்பில் இடு' என எழுதலாம். மீட்பதற்கு 'வைப்பிலிருந்து எடு' என்றால் எடுத்தபின் வைப்பில் எதுவும் மிஞ்சாது என்ற எண்ணம் எழும். உண்மையில் தடம் அப்படியே இருக்கும், எத்தனை முறையும் பயன்படும். அதனால் 'வைப்புத் தெரிவை ஏற்று' என்பது பொருத்தம். ஏற்றும்போது வரும் நான்கு வாய்ப்புகளுக்குப் 'புதிய தெரிவு', 'தெரிவுடன் கூட்டு', 'தெரிவிலிருந்து கழி', 'பொதுப் பகுதி மட்டும்' என்பவை போதும். இவற்றில் விவாதிக்க அதிகம் இல்லை.

உதவிப் பக்கத்தில் இந்தச் சொல் எப்படி அமையும் என்று பார்க்க ஒரு வாக்கியம் தருகிறேன்: "வைப்புத் தெரிவு படத்தோடு சேர்ந்தது, தடங்களை ஏற்கும் வடிவத்தில் படத்தைச் சேமித்தால்தான் அது வட்டில் பதிவாகும்." 'சேமித்த தெரிவு' என்ற சொல்லை ஆதரிப்பவர்கள் இதே செய்தியை அந்தச் சொல்லைக் கொண்டு குழப்பமின்றி எழுதிக் காட்டினால், என் முன்மொழிவை மறுபரிசீலனை செய்யத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து ஓர் உறுப்பினர்