ஓடும் வழியில் சந்தித்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருவான்மியூரிலிருந்து:

நாற்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கியவன் நான். இப்போது ஐம்பத்தெட்டு. டைமிங், மெடல் பற்றியெல்லாம் நாம் வாரா வாரம் பேசுகிறோம். இந்த இழையில் வேறு ஒன்றைக் கேட்க ஆசை. ஓடும்போது வழியில் சந்தித்த யாராவது உங்கள் ஓட்டத்தையே மாற்றியிருக்கிறார்களா? ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போனவராக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

முதலில் என் கதை. ஐம்பத்துமூன்று வயதுவாக்கில் என் வேகம் குறையத் தொடங்கியது. பயிற்சியில் குறை வைக்கவில்லை, தூக்கமும் சரியாக இருந்தது. ஆனாலும் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடிவிட்டது. இது உடம்பின் இயல்பு என்று படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். முப்பதைத் தாண்டியபின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் பத்தாண்டுக்குச் சுமார் பத்து சதவீதம் குறையும், விடாமல் பயிற்சி செய்தால் அந்தச் சரிவைப் பாதியாக்கலாம் என்பார்கள். படித்தது புத்தியில் ஏறியது, மனசில் ஏறவில்லை. ஓடிவிட்டு வந்து வாட்ச்சைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ கைவிட்டுப் போகிறது என்ற வருத்தம்.

அந்தச் சமயத்தில்தான் எலியட்ஸ் கடற்கரையில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். வெள்ளை கேன்வாஸ் ஷூ, முழங்கால் வரை கால்சட்டை, தோளில் ஒரு சின்னத் துண்டு. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்ததுவரை ஓடுவார், அதற்கடுத்ததுவரை நடப்பார். அப்படியே சாலை முழுக்க. மே மாதம், விடியற்காலை ஐந்து மணிக்கே காற்று ஈரமாக ஒட்டிக்கொள்ளும் நாள். வேர்வை ஆவியானால்தானே உடம்பு குளிரும். நம் ஊர்க் கோடையில் அது வழிந்துகொண்டே இருக்கும், குளிராது. நான் மூச்சு வாங்கி நின்றபோது பக்கத்தில் வந்து நின்று, "சார், இந்தக் காத்துல ஜனவரி வேகத்தைத் தேடாதீங்க" என்றார்.

பேச ஆரம்பித்தோம். என் வருத்தத்தைச் சொன்னேன். அவர் சிரித்த முகத்தோடு, "எனக்கு வர்ற ஜூலையில எழுபத்தஞ்சு. பந்தயத்துல எழுபத்தஞ்சுக்கு மேல உள்ளவங்க பிரிவுல நான்தான் சின்னப் பையன். எப்போ வரும்னு காத்துக்கிட்டிருக்கேன்" என்றார். வயது ஏறுவதை இப்படி ஆவலோடு எதிர்பார்த்த ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

எட் விட்லாக்கைப் பற்றி எனக்குச் சொன்னவரும் அவர்தான். கனடாவில் வாழ்ந்தவர். எழுபது வயதுக்கு மேல் 42 கிலோமீட்டர் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் முடித்த முதல் மனிதர். 2004-இல், 73 வயதில், டொரன்டோவில் 2 மணி 54 நிமிடம் 48 விநாடி. நம்மில் முப்பது வயதுக்காரர்கள் எத்தனை பேரால் அது முடியும்? அவருடைய பயிற்சி முழுக்க வீட்டுக்கு அருகில் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குள்தான். சின்னச் சின்ன அடி வைத்து மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றி வருவார். 85 வயதிலும் 3:56:34-இல் ஒரு மாரத்தான் முடித்தார்.

வயதுத் தரம் என்ற கணக்கையும் பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார். உங்கள் வயதில், உங்கள் பாலினத்தில் உலகின் மிகச் சிறந்த நேரத்தோடு உங்கள் நேரத்தை ஒப்பிட்டு ஒரு சதவீதம் தருவார்கள். வீட்டுக்குப் போய் என் பழைய ஓட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். நேரம் கூடியிருந்தது, சதவீதம் அப்படியே இருந்தது. அன்று ஏற்பட்ட நிம்மதியை இங்கே எழுதிக் காட்ட முடியாது. வேகம் குறைந்தும் நான் இருந்த இடத்தில்தான் இருக்கிறேன்!

சரி, இனி நீங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

அண்ணா, நல்ல இழை. நான் ரேஸ் கோர்ஸைச் சுற்றி ஓடுகிறவள், வயது நாற்பத்துநாலு. ஆண்கள் ஓட்டத்தின் சவால் என்றால் முழங்கால், வேகம் என்பார்கள். எங்களுக்கு அது வாசற்படியிலேயே ஆரம்பிக்கிறது. பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ், மாமியாருக்குக் காபி, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மணி நேரம் எடுக்கவேண்டும். அப்படியென்றால் இருட்டோடு கிளம்பவேண்டும். இருட்டு என்றால் தெருநாய், பைக்கை மெதுவாக்கிக்கொண்டு கூடவே வருகிறவர்கள், "இந்த நேரத்துல எங்கம்மா?" என்று கேட்கிறவர்கள்.

எங்கள் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் உண்டு. நீளக் கம்பில் கட்டிய தென்னை விளக்குமாறு, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. பல மாதம் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டியதோடு சரி. ஒருநாள் நான் வழக்கமான சந்தில் திரும்பப்போனேன். விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார். "அந்தப் பக்கம் போகாத கண்ணு, நாய் குட்டி போட்டிருக்குது. கடிச்சு வெச்சிரும்." அப்புறம் அவரே என்னோடு அடுத்த சந்துவரை நடந்து வந்து, நான் மெயின் ரோட்டை எட்டும்வரை அங்கேயே நின்றார். மறுநாளும் நின்றார். நான் ஒருநாள் போகாவிட்டால் அடுத்த நாள், "நேத்து காணமே, உடம்புக்கு ஆகலியா?" என்று கேட்பார்.

எனக்கு மூச்சு இரைப்பதை முதலில் கவனித்ததும் அவர்தான். "முன்ன மாதிரி இல்ல கண்ணு நீ, முகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது" என்றார். நான் அதை வேலைச் சோர்வு என்று நினைத்திருந்தேன். ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே. இரும்புச் சத்து மாத்திரை எடுத்து, கால்கள் மறுபடி என்னுடையவை ஆக மாதங்கள் பிடித்தன. ஓடுகிற பெண்கள் தயவுசெய்து ஆண்டுக்கு ஒருமுறையாவது ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள். மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்துப் போடாதீர்கள், உடம்பில் ஒட்டாது.

நாய்களைப் பற்றி அவர் சொன்னது இன்றுவரை கைகொடுக்கிறது. துரத்தினால் ஓடக்கூடாது; நின்றுவிடவேண்டும், கண்ணைப் பார்க்காமல் மெதுவாக நடந்து விலகவேண்டும். மீறிக் கடித்துவிட்டால் சின்னக் கீறலாக இருந்தாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து:

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "ஓடினா முட்டி தேஞ்சுபோயிரும்" என்று கேட்டுக் கேட்டே பாதி ஆயுள் போய்விட்டது. எனக்கு வலது முழங்காலில் வலி வந்தபோது பார்த்த முதல் மருத்துவரும் இனி ஓடவே வேண்டாம் என்றார். என் கூட வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் ஓடுகிற ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட். அவர் என்னைப் படிக்கட்டில் ஒற்றைக் காலில் இறங்கச் சொன்னார். இறங்கினால் முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது. "முட்டியில பிரச்சினை இல்லண்ணே, இடுப்புல பலம் இல்ல" என்றார். அதற்கப்புறம் நாள் தவறாமல் இடுப்புக்கும் கெண்டைக்காலுக்கும் பயிற்சி. வலி போய்விட்டது.

அவர் ஒரு ஆய்வையும் சொன்னார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 1984-இல் தொடங்கியது. ஐம்பது வயது தாண்டிய ஓட்டக்காரர்களையும், ஓடாதவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். 19 ஆண்டு முடிவில் ஓடாதவர்களில் 34 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், ஓடியவர்களில் 15 சதவீதம். முதுமையின் தள்ளாமையும் ஓடியவர்களுக்குப் பல ஆண்டு தள்ளியே வந்தது. அதே குழு ஒரு பகுதியினருக்கு முழங்கால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், ஓடியவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் கூடுதலாக இல்லை. ஆரோக்கியமாக இருக்கிறவர்கள்தான் ஓட வருகிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. இருந்தாலும் முட்டி தேயும் என்று யாரையும் இனி பயமுறுத்தாதீர்கள்.

லண்டனிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கு வந்து முப்பது வருசத்துக்கு மேலாகிறது. இப்போது அறுபத்தொரு வயது. பிள்ளைகள் தனித்தனியாகப் போனபிறகு வீட்டில் இருக்க மனம் ஒப்பவில்லை. மகள்தான் பார்க்ரன்னுக்கு என் பெயரைப் பதிந்துவிட்டாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பக்கத்துப் பூங்காவில் ஐந்து கிலோமீட்டர். காசு இல்லை. 2004 ஒக்டோபர் 2-ஆம் திகதி இதே லண்டனில் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கியது; இன்று பல நாடுகளில் நடக்கிறது. நடத்துவது முழுக்கத் தொண்டர்கள்.

முதல் கிழமை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேனே தவிர, வயிற்றைப் பிசைந்தது. எல்லோரும் பறக்கிறார்கள், நான் மூச்சு முட்ட நடக்கிறேன். பின்னால் ஆரஞ்சு நிற மேலங்கியோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி மட்டும் வந்துகொண்டிருந்தா. நான் திரும்பி, "நான்தான் கடைசியா?" என்று கேட்டேன். "இல்லை, அந்த வேலை எனக்குத் தந்திருக்கிறார்கள்" என்றா. எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே அங்கே ஒரு தொண்டர் இருப்பார். அவருக்கு முன்னால் யாரும் கடைசி ஆவதில்லை. நாங்கள் இருவரும் கதைத்துக்கொண்டே முடித்தோம். தன் கணவர் இறந்த கதையை அவ சொன்னா, நான் என் ஊரைச் சொன்னேன். முடிவில் நின்றவர்கள் கை தட்டினார்கள், முதலாவதாய் வந்தவருக்குத் தட்டிய அதே அளவுக்கு.

இப்போது அந்த மேலங்கியை நானும் போடுகிறேன். போன மாரி காலத்தில், நிலமெல்லாம் உறைபனி, ஒரு பஞ்சாபிப் பெண் முதல்முறையாக வந்தாள். அரைவழியில் நின்று, "ஆன்ட்டி, என்னால் நீங்கள் தாமதமாகிறீர்களே" என்றாள். நான் அந்தக் கிழவி எனக்குச் சொன்னதையே சொன்னேன். திருவான்மியூர் அண்ணை சொன்ன வயதுத் தரச் சதவீதம் எங்கள் முடிவுப் பட்டியலிலும் வரும். என்னுடையது பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கிழமைக்குக் கிழமை அதைப் பார்க்கிற ஆசை விடுகுதில்லை.

புதுச்சேரியிலிருந்து:

லண்டன் அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு ஆரோவில் மாரத்தான்தான் ஞாபகம் வந்தது. பிப்ரவரியில், காட்டுக்குள் செம்மண் பாதையில் ஓடுவோம். அங்கே நேரம் குறிப்பதில்லை, பரிசு இல்லை, முதலிடம் என்ற பேச்சே இல்லை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. நேரம் இல்லாத ஓட்டத்துக்கு எதற்குப் போகவேண்டும் என்றுதான் கேட்டேன். அப்பா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, நண்பர்கள் வற்புறுத்தி இழுத்துப் போனார்கள்.

முப்பதாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். வெறுங்காலோடு ஓடி வந்த ஒருவர், ஐம்பது வயது இருக்கும், தானும் உட்கார்ந்தார். என் காலைத் தன் மடியில் வைத்து, பாதத்தை மெல்லப் பின்னுக்கு மடக்கிப் பிடித்தார். கால் முழுக்கச் செம்மண், அவர் கையெல்லாம் ஒட்டியது. எங்கள் அப்பா கிரிக்கெட் விளையாடிவிட்டு வரும் எனக்கு அதேபோல்தான் செய்வார். நான் அழுதுவிட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை. மிச்சத் தூரத்தை இருவரும் சேர்ந்து நடந்தோம், கொஞ்சம் ஓடினோம். கடைசி இரண்டு கிலோமீட்டரில் எனக்குள் வந்த லேசான உணர்வு, மரம் மண் எல்லாவற்றின் மேலும் வந்த பிரியம், அதற்கு முன் எந்த ஓட்டத்திலும் வந்ததில்லை.

அந்த உணர்வுக்கு, உடம்பே சுரக்கும் வலிநீக்கியான எண்டார்ஃபின் காரணம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 2021-இல் வந்த ஒரு ஜெர்மானிய ஆய்வில் எண்டார்ஃபினின் வேலையை மருந்தால் தடுத்துவிட்டு ஓட வைத்தார்கள். அப்போதும் அந்த மகிழ்ச்சி வந்தது. உடம்பே சுரக்கும் கஞ்சா போன்ற வேதிப்பொருள்கள் கூடியிருந்தன. எனக்கு அந்தப் பொருளோடு, அந்த மனிதரின் கையும் சேர்ந்ததுதான் காரணம். அவர் பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை.

திருச்சியிலிருந்து:

எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்னும் சொல்ல அனுபவம் இல்லை, கேள்விதான் இருக்கிறது. வயது அறுபத்துநாலு, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஓடியதே இல்லை. இனி ஆரம்பிக்கலாமா?

திருவான்மியூரிலிருந்து:

ஐயா, தாராளமாக ஆரம்பிக்கலாம். ஃபௌஜா சிங் என்ற பஞ்சாபித் தாத்தா 2000-இல் லண்டனில் தன் முதல் மாரத்தானை ஓடியபோது அவருக்கு 89 வயது என்றார்கள். பின்னாளில் நூறு வயதில் அவர் ஓடிய மாரத்தான், பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் ஏறவில்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன, தாத்தா ஓடியது ஓடியதுதான்.

ஆனால் உங்கள் விஷயத்தில் முதலில் மருத்துவரைப் பாருங்கள், இதயப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்தால் ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம்; பையில் குளுக்கோஸ் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஓடிவிட்டு வந்ததும் பாதத்தை விரல் இடுக்கு உட்பட வெளிச்சத்தில் பாருங்கள். பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்திருக்கலாம், அப்படியானால் கொப்புளம் வந்தாலும் தெரியாது. முதலில் அரை மணி நேர நடை பழகட்டும். அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும்.

திருச்சிக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் கை தூக்குங்கள். முதல் சில வாரம் ஐயாவோடு கூட நடக்க ஒரு ஆள் வேண்டும்.