பிரவுசரில் திறக்கிறது, கர்லில் எரர் 60: சரிபார்ப்பை அணைத்துவிடலாமா?

பில்லிங்_பாலன்:
எங்கள் உபுண்டு சர்வரிலிருந்து ஒரு கூரியர் கம்பெனியின் ஏபிஐயோடு (அவர்கள் சாஃப்ட்வேரோடு நம் சாஃப்ட்வேர் பேசும் வழி) பிஹெச்பியில் கர்ல் (இணையக் கோரிக்கை அனுப்பும் கருவி) வழியாகப் பேசுகிறோம். நேற்று முதல் கர்ல் எரர் 60, 'அன்ஏபிள் டு கெட் லோக்கல் இஷ்யூயர் சர்டிஃபிகேட்', அதாவது அவர்கள் சான்றிதழை வழங்கியவரின் சான்றிதழ் கிடைக்கவில்லை. அதே முகவரி குரோமில் ஒழுங்காகத் திறக்கிறது. ஆர்டர்கள் தேங்கி நிற்கின்றன, சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லும் வெரிஃபைபியரை ஃபால்ஸ் ஆக்கிவிடப் போகிறேன். தெரிந்த கம்பெனிதானே?

வேர்ச்சான்று:
வேண்டவே வேண்டாம். அதை அணைத்துவிட்டால் நடுவில் யாராவது அந்தக் கம்பெனி பெயரில் தாங்களே தயாரித்த போலிச் சான்றிதழை நீட்டினாலும் கர்ல் ஏற்றுக்கொள்ளும், உங்கள் ஏபிஐ கீயும் வாடிக்கையாளர் முகவரிகளும் அவர்கள் கைக்குப் போய்விடும். முதலில் சர்வர் அனுப்பும் சான்றிதழ்களைக் காட்டும் ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் கட்டளையை ஷோசர்ட்ஸ் போட்டு ஓட்டி, எத்தனை சான்றிதழ் வருகிறது என்று பாருங்கள்.

பில்லிங்_பாலன்:
ஒன்றே ஒன்று. வெரிஃபை ரிட்டர்ன் கோட் 21, முதல் சான்றிதழையே சரிபார்க்க முடியவில்லையாம். எங்கள் பக்கம் சிஏ தொகுப்பு (நம்பும் சான்றிதழ் வழங்குநர்களின் பட்டியல்) பழசாகியிருக்குமோ? 2021 செப்டம்பர் 30-ல் டிஎஸ்டி ரூட் என்ற வேர்ச்சான்றிதழ் காலாவதியானபோது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 இருந்த மெஷின்கள் திணறினவே.

வேர்ச்சான்று:
அப்போது வந்தது காலாவதிப் பிழை, கோட் 10. இங்கே தளத்தின் சான்றிதழை வேர்ச்சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை அவர்கள் அனுப்பவே இல்லை. குரோம் அதைச் சான்றிதழில் இருக்கும் ஏஐஏ முகவரியிலிருந்து (வழங்கியவரின் சான்றிதழ் கிடைக்கும் இடம்) தானே இறக்கிக்கொள்ளும், உங்கள் கர்ல் அப்படிச் செய்யாது. வழங்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த இடைநிலையை எடுத்து, யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/சிஏ-சர்டிஃபிகேட்ஸில் போட்டு, அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ் ஓட்டுங்கள். கோப்புப் பெயர் .சிஆர்டி என்று முடியவேண்டும், .பெம் என்று விட்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

நடுராத்திரி_ஆன்கால்:
இதை நான் ஏற்கமாட்டேன். இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2024-ல் ஆர்10, ஆர்11 என்ற இடைநிலைகள் இரண்டில் எது கையெழுத்திடும் என்பதையே சீட்டுக் குலுக்கல் ஆக்கிவிட்டது, யாரும் ஓர் இடைநிலையை நம்பி உட்காரக்கூடாது என்றுதான். அடுத்த புதுப்பிப்பில் வேறு இடைநிலை வந்தால் இதே எரர் திரும்ப வரும், அதற்குள் இந்த ஒட்டுப்போட்ட கதை யாருக்கும் நினைவிருக்காது. தப்பு அவர்கள் சர்வரில், அங்கேதான் திருத்தவேண்டும்.

வேர்ச்சான்று:
திருத்தட்டும், யார் வேண்டாம் என்றது? அவர்கள் பதில் போடும்வரை இவர் பார்சலை எப்படி அனுப்புவார்? சரிபார்ப்பு அணையாமல் ஓடுகிறதே, அதுதான் எனக்கு முக்கியம்.

நடுராத்திரி_ஆன்கால்:
சரி, போடுவதானால் சிஸ்டம் முழுக்கப் போடாதீர்கள். அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் தனி சிஏ கோப்பு கொடுங்கள், வேர்ச்சான்றிதழையும் அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் அவர்களுக்கு எஸ்_கிளையன்ட் அவுட்புட்டோடு இன்றே எழுதுங்கள். சான்றிதழ் எடுத்துத் தரும் செர்ட்பாட் வைத்திருந்தால் பெரும்பாலும் தளச் சான்றிதழ் மட்டும் உள்ள செர்ட்.பெம் கொடுத்திருப்பார்கள், அங்கே இடைநிலையும் சேர்ந்த ஃபுல்செயின்.பெம் போட்டு, வெப் சர்வர் என்ஜினெக்ஸாக இருந்தால் அதை ரீலோட் செய்தால் போதும்.