சொலிசிட்டர், பாரிஸ்டர், நோட்டரி: வெளிநாட்டு விவகாரத்தில் யாரை எதற்கு அமர்த்துவது?

வளவன் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ஒரு சிறு நிறுவனத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு விவகாரங்கள். சரக்கு வாங்கிய லண்டன் நிறுவனம், தரம் சரியில்லை, நஷ்டஈடு தராவிட்டால் வழக்குப் போடுவோம் என்று தன் சொலிசிட்டர் மூலம் கடிதம் அனுப்பியிருக்கிறது. இதற்குப் பதில் சொல்ல சொலிசிட்டர் ஒருவர், பாரிஸ்டர் ஒருவர் என இரண்டு பேர் தேவைப்படலாம் என்கிறார்கள். ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு கட்டணம்?

இரண்டாவது, ஜெர்மனியில் ஒரு ஜிஎம்பிஹெச் (நம் பிரைவேட் லிமிடெட் போன்றது) கம்பெனியின் பங்குகளை வாங்கப் பேச்சு நடக்கிறது. அங்குள்ள நோட்டரி முன்னிலையில்தான் பத்திரம் ஆக வேண்டுமாம். நம் ஊர் நோட்டரியிடம் முத்திரை வாங்கி அனுப்பினால் போதாதா? அந்த நோட்டரியே நமக்கும் வக்கீலாக இருப்பாரா? விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

செந்தூரன்

முதல் கேள்விக்கு என் பதில். இரண்டு கட்டணம் வரலாம், ஆனால் ஒரே வேலைக்கு அல்ல.

இங்கிலாந்து, வேல்ஸில் உங்களோடு நேரடியாகப் பேசுபவர், கடிதம் எழுதுபவர், ஆவணங்களைத் திரட்டுபவர், கெடு தவறாமல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்பவர், கட்சிக்காரர் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருப்பவர் எல்லாம் சொலிசிட்டர்தான். பாரிஸ்டர் வாதாடுவதிலும் சட்டக் கருத்து எழுதித் தருவதிலும் தனித்தேர்ச்சி பெற்றவர். லின்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற நான்கு சங்கங்களில் ஒன்றின் உறுப்பினராக இருக்க வேண்டும். பியூபிலேஜ் எனும் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். பெரும்பாலும் சுயதொழில் செய்பவர். வழக்கமாக சொலிசிட்டர் வழக்கு விவரங்கள் அடங்கிய கோப்பை அனுப்பி அவரை அமர்த்துவார்.

சொலிசிட்டர் நீதிமன்றத்தில் பேசவே முடியாது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. கீழ் நீதிமன்றங்களில் அவர் பேசலாம். கூடுதல் தகுதி பெற்ற சொலிசிட்டர் அட்வகேட், உயர் நீதிமன்றங்களிலும் வாதாடலாம். மறுபக்கம், பொதுமக்கள் நேரடியாகவே அமர்த்திக்கொள்ளக்கூடிய பாரிஸ்டர்களும் உண்டு. அப்படி அமர்த்தினால் ஒரு சிக்கல் இருக்கிறது. பாரிஸ்டர் கட்சிக்காரர் பணத்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது. வழக்கு நடத்தத் தனி அங்கீகாரம் பெறாதவர் என்றால் தாக்கல் செய்வது, சார்வு செய்வது (எதிர்த்தரப்புக்கு ஆவணங்களை முறைப்படி சேர்ப்பிப்பது) போன்ற வேலைகள் உங்கள் தலையில் விழும். வேறு நாட்டிலிருந்து அதைச் செய்வது மிகக் கடினம். ஆகவே உங்கள் நிலைமைக்கு முதலில் சொலிசிட்டர். வழக்கு வலுவானதா என்று பார்க்க, பாரிஸ்டரிடம் எழுத்துமூலக் கருத்து ஒன்று ஆரம்பத்திலேயே வாங்கச் சொல்லுங்கள். தோற்கும் வழக்கு என்று முதல் மாதமே தெரிந்துவிட்டால் பெரிய தொகை மிச்சம்.

இந்தப் பிரிவினை எல்லா நாட்டிலும் இல்லை. அமெரிக்காவில் ஒரே வகைதான், ஆனால் அனுமதி மாநிலவாரியாக. நியூயார்க் வக்கீல் என்பதால் டெக்சாஸ் மாநில நீதிமன்றத்தில் தானாகவே ஆஜராகிவிட முடியாது. இந்தியாவில் 1961 ஆம் ஆண்டு வழக்குரைஞர்கள் சட்டம் எல்லாரையும் அட்வகேட் என்ற ஒரே வகையாக்கியது. அதற்குள்ளும் சீனியர் அட்வகேட் நேரடியாக வக்காலத்து போட முடியாது. உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய, அதற்கென அங்கே பதிவான அட்வகேட் ஆன் ரெக்கார்ட் வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் ‘அட்வகேட் அண்டு சொலிசிட்டர்’ என்று பட்டமே சேர்ந்துதான் வரும். சட்டம் சேர்த்துவைத்த இடத்திலும் ஆவண வேலை பார்ப்பவர், வாதாடுபவர் என்று தொழில் தானாகவே பிரிந்துவிடுகிறது. யாரைப் பார்த்தாலும் “கடந்த சில ஆண்டுகளில் இந்த வகை வழக்கை விசாரணை முடியும்வரை நீங்களே நடத்தியிருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். பட்டத்தைவிட அந்தப் பதில்தான் உபயோகம்.

நடுக்கோடு

வக்கீல் தேடும் முன், இன்றைக்கே ஒப்பந்தத்தை எடுத்து கடைசி இரண்டு பக்கங்களைப் பாருங்கள். எந்த நாட்டுச் சட்டம், எந்த நீதிமன்றம், ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்பு) உண்டா என்ற மூன்று ஷரத்துகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இவை மூன்றும் வெவ்வேறு. ஆங்கிலச் சட்டம் பொருந்தும் என்று எழுதிவிட்டு, தகராறை வேறு நாட்டு நடுவரிடம் கொண்டுபோக ஒப்புக்கொண்டிருக்கலாம்.

ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தும் எதிர்த்தரப்பு லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், அவசரப்பட்டு எதிர்வாதவுரை தாக்கல் செய்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் 1996 ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி வழக்கை நிறுத்திவைக்கக் கேட்கலாம். ஆனால் சம்மன் கிடைத்ததை ஒப்புக்கொண்ட பிறகு, வழக்கின் சாரத்துக்குப் பதில் சொல்லும் எந்த நடவடிக்கையும் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். ‘இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை’ என்று ஆட்சேபிப்பதும் இதே மாதிரிதான். அந்த மனுவை, ஒப்புகை (சம்மன் கிடைத்தது என்ற படிவம்) தாக்கல் செய்த 14 நாளுக்குள் போட வேண்டும். போடாவிட்டால் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். நல்ல ஆட்சேபணை ஒன்றை ஒரே தாக்கலில் இழந்துவிடுவது இப்படித்தான்.

இப்போது வந்திருப்பது வழக்குக்கு முந்தைய கடிதம். எளிய விவகாரத்தில் 14 நாளுக்குள்ளும், மிகச் சிக்கலானதில் அதிகபட்சம் 3 மாதத்துக்குள்ளும் பதில் எதிர்பார்க்கப்படும். பதிலே போடாமல் இருந்தால் வழக்கு தோற்காது, ஆனால் செலவுத்தொகை தீர்மானிக்கும்போது நீதிபதி அதைக் கணக்கில் எடுப்பார். வழக்கு வந்தபின் உள்ளூர்ப் பிரதிவாதிக்கு 14 நாள், ஒப்புகை தாக்கல் செய்தால் 28 நாள். வெளிநாட்டில் சார்வு செய்யப்பட்டால் கெடு நாட்டுக்கு நாடு மாறும், சம்மனோடு வரும் தாளைப் படியுங்கள். சும்மா விட்டால் விசாரணையே இல்லாமல் தீர்ப்பாகிவிடும்.

காலாவதியையும் பாருங்கள். ஆங்கிலச் சட்டத்தில் சாதாரண ஒப்பந்தத்துக்கு, மீறல் நடந்த நாளிலிருந்து 6 ஆண்டு. ஜெர்மனியில் பொதுவாக 3 ஆண்டு. அதுவும் உரிமை எழுந்து, அது தெரியவந்த ஆண்டின் டிசம்பர் 31 இலிருந்து எண்ண ஆரம்பிப்பார்கள். 2023 மார்ச்சில் எழுந்து அப்போதே தெரிந்த உரிமை 2026 கடைசி நாளோடு முடியும். சரக்கின் குறைபாடு போன்றவற்றுக்குத் தனிக் கெடுக்கள் உண்டு, ஆகவே இந்தப் பொதுக்கணக்கை மட்டும் நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

ஆவணப்பித்தன்

நோட்டரி கேள்விக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் பேர் பணம் இழக்கிறார்கள்.

அமெரிக்காவில் நோட்டரி என்றால் அடையாளத்தைச் சரிபார்த்து, கையெழுத்து கண்முன் போடப்பட்டதற்குச் சாட்சி சொல்பவர், அவ்வளவுதான். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர் பொறுப்பல்ல. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற சட்டத்தொகுப்பு நாடுகளில் அவர் முழுச் சட்டம் படித்து அரசால் நியமிக்கப்பட்டவர். பத்திரத்தின் உள்ளடக்கத்துக்கே பொறுப்பு.

ஜெர்மானிய ஜிஎம்பிஹெச் பங்கு மாற்றம் இப்படிப்பட்ட நோட்டரி பத்திரமாக இருந்தால்தான் செல்லும், கையெழுத்துக்கான முத்திரை மட்டும் போதாது. மாற்றம் மட்டுமல்ல, மாற்றுவேன் என்று ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கும் அதே நிபந்தனை. மின்னஞ்சலில் விலை பேசி முடித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டாலும் அதை வைத்து யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அதை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள்.

அங்கே நடப்பது இதுதான். நோட்டரி முழுப் பத்திரத்தையும் தரப்பினர் முன் வாய்விட்டுப் படிப்பார். ஐம்பது பக்கம் இருந்தாலும் படிப்பார். ஜெர்மன் புரியாதவர் இருந்தால் மொழிபெயர்த்துச் சொல்லப்பட வேண்டும். பிறகு ஒப்புதல், கையெழுத்து. அதன்பின் புதிய பங்குதாரர் பட்டியலை வணிகப் பதிவேட்டுக்கு அவரே அனுப்புவார். கட்டணம் சட்டப்படி, விவகாரத்தின் மதிப்பை வைத்து. பேரம் கிடையாது.

ஆனால் அவர் உங்கள் வக்கீல் அல்ல. இரு தரப்புக்கும் நடுநிலையானவர். ‘இந்த ஷரத்தின் சட்ட விளைவு இது’ என்று விளக்குவார். ‘விலை அதிகம், கம்பெனிக்கு வெளியே தெரியாத வரிபாக்கி இருக்கிறதா பாருங்கள், விற்பவரிடம் இந்த உத்தரவாதத்தைக் கேளுங்கள்’ என்று உங்களுக்காகச் சண்டை போட மாட்டார். அதற்குத் தனியாக ரெஹ்ட்ஸ்அன்வால்ட் (ஜெர்மானிய வக்கீல்) ஒருவரை, பத்திர வரைவு வந்த பிறகு அல்ல, முன்பே அமர்த்துங்கள்.

நேரில் போக முடியாவிட்டால் பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்கலாம். எந்த வடிவில், யார் சான்றோடு வேண்டும் என்று அதைப் பெறப்போகும் ஜெர்மானிய நோட்டரியிடம் முதலில் எழுத்தில் கேளுங்கள். 1961 ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் அப்போஸ்டில் முத்திரை (ஓர் ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்க வைக்கும் அரசுச் சான்று) இரு நாடுகளும் உறுப்பினர் என்பதாலேயே செல்லுபடியாகிவிடாது. ஓர் உறுப்பு நாடு, புதிதாகச் சேரும் நாட்டுக்கு ஆட்சேபம் தெரிவித்திருந்தால் அந்த இரண்டுக்கும் இடையே அது செல்லாது, தூதரகச் சான்றுதான் வழி. இதைப் பார்க்காமல் முத்திரை வாங்கி அனுப்பினால், கையெழுத்து நாளன்று பத்திரம் நின்றுபோகும்.

வளவன்

மிக்க நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன். லண்டன் வழக்கில், நமக்குப் பாதகமான உள் மின்னஞ்சல்களையும் நாமே கொடுக்க வேண்டுமா? ஐரோப்பாவில் நீதிபதியே விசாரித்துக்கொள்வார் என்கிறார்களே, அங்கே எப்படி?

செந்தூரன்

ஆம், கொடுக்க வேண்டும். முன்தீர்ப்புகளின் மேல் வளர்ந்த ஆங்கில முறையில் இரு தரப்பும் மோதித்தான் உண்மை வெளிவரும் என்பது அடிப்படை. அந்த மோதல் நியாயமாக நடக்க, உங்களுக்குப் பாதகமான ஆவணமும் மேசைக்கு வர வேண்டும். வழக்கு வரலாம் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து எதையும் அழிக்கக் கூடாது. தானாக அழியும் வாட்ஸ்அப் அமைப்பை நிறுத்துங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் லேப்டாப்பைத் துடைக்காதீர்கள். நீங்கள் ஒளிப்பது தெரிந்து அவர் எடுத்துச் சொல்லியும் நீங்கள் கேட்காவிட்டால், உங்கள் சொலிசிட்டரே வழக்கிலிருந்து விலக வேண்டியிருக்கும். நீதிமன்றத்திடம் அவருக்குள்ள கடமை, உங்களிடம் அவருக்குள்ள கடமையைவிட மேல்.

வக்கீலிடம் சட்ட யோசனை கேட்ட கடிதங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆடிட்டர் சொன்ன சட்ட யோசனைக்கு இல்லை, 2013 இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கம்பெனியின் சம்பள வக்கீலுக்கும் இங்கிலாந்தில் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஐரோப்பிய ஆணையத்தின் வணிகப் போட்டிச் சட்ட விசாரணைகளில் இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010 இல் அக்சோ நோபல் வழக்கில் தீர்த்தது. வக்கீலின் கருத்தைச் சரக்கு முகவருக்கெல்லாம் ஃபார்வர்டு செய்யாதீர்கள், பாதுகாப்பு போய்விடலாம்.

குறுக்கு விசாரணையிலும் ஒரு விதி இருக்கிறது. எதிர்ச்சாட்சி சொல்வது பொய் என்று கடைசியில் வாதிட நினைத்தால், அதைச் சாட்சிக் கூண்டிலேயே அவர் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும். 1893 ஆம் ஆண்டு பிரவுன் எதிர் டன் வழக்கிலிருந்து வருவது இது. அதனால்தான் உண்மை விவரங்களைத் துண்டுதுண்டாகத் தராமல் முழுதாக முன்பே பாரிஸ்டரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

ஆவணப்பித்தன்

“நீதிபதியே விசாரிப்பார்” என்பது பாதி சரி. ஜெர்மானியக் குற்றவியல் வழக்கில் உண்மையைத் தேடுவது நீதிமன்றத்தின் கடமைதான். பிரான்ஸில் மிகக் கொடிய குற்றங்களைத் தனி விசாரணை நீதிபதி ஆராய்வார். பணத் தகராறில் அப்படி இல்லை. கேள்வி கேட்பதை நீதிபதி முன்னின்று நடத்துவார், நிபுணரை நீதிமன்றமே நியமிக்கும், ஆனால் விவரங்களைக் கொண்டுவருவது உங்கள் வேலை. மனுவில் ஒவ்வொரு விவரத்துக்கும் கீழேயே ‘சான்று: இன்ன ஆவணம், இன்ன சாட்சி’ என்று எழுதுவார்கள். எதிர்த்தரப்பு சொன்னதை மறுக்காமல் விட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். எதிராளியின் அலமாரியைத் துழாவும் பரந்த உரிமை கிடையாது. இன்னொன்று, கம்பெனியின் நிர்வாக இயக்குநர் அங்கே தரப்பினராகக் கருதப்படுவார், சாட்சி அல்ல. ஆகவே முக்கியப் பேச்சுவார்த்தைக்கு ஓர் ஊழியரையும் கூட்டிப்போவது அங்குள்ளவர்களின் வழக்கமான எச்சரிக்கை.

நடுக்கோடு

கட்டணம் பற்றி மட்டும் சேர்க்கிறேன். இங்கிலாந்தில் தோற்றவர் ஜெயித்தவரின் செலவைத் தர வேண்டும், ஆனால் முழுவதும் அநேகமாகத் திரும்பாது. 10,000 பவுண்டுக்குள் உள்ள சிறு வழக்குகளில் வக்கீல் கட்டணம் பெரும்பாலும் கிடைக்கவே கிடைக்காது. ஜெர்மனியில் வழக்கின் மதிப்பை வைத்துச் சட்டப்பட்டியல் இருக்கிறது, திரும்பக் கிடைப்பது அந்த அளவுதான். வக்கீலோடு மணிக்கட்டணமாக அதற்குமேல் ஒப்புக்கொண்டிருந்தால் மீதி உங்கள் செலவு. அமெரிக்காவில் பொதுவாக அவரவர் செலவு அவரவருக்கு.

சொலிசிட்டரின் நியமனக் கடிதத்தில் இவற்றைத் தேடிப் பாருங்கள்: வேலை எந்தக் கட்டம்வரை, யார் கையில் கோப்பு இருக்கும், அவரது மணிக்கட்டணம், பாரிஸ்டர், நிபுணர், மொழிபெயர்ப்புச் செலவு சேர்ந்ததா தனியா, எந்தத் தொகையைத் தாண்டினால் முன்கூட்டியே சொல்வார்கள். ‘பதில் கடிதம்வரை மட்டும்’ என்று எழுதியிருந்தால், சம்மன் வந்ததும் புதிதாக நியமிக்காதவரை அவர் தாக்கல் செய்ய மாட்டார், கெடு ஓடிக்கொண்டே இருக்கும். எதிர்த்தரப்புப் பெயரைச் சொல்லி, அவர்களுக்கும் இதே அலுவலகம் வேலை பார்க்கிறதா என்று சரிபார்க்கச் சொல்வதை முதல் மின்னஞ்சலிலேயே செய்யுங்கள், வழக்கு விவரங்களை அனுப்புவதற்கு முன்.