குப்பை எடுக்கும் முறை மாறியதிலிருந்து உங்களுக்கு நடந்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

கீழ்வீட்டு ஜன்னல்:

எல்லோருக்கும் தெரிந்த மாற்றம்தான், நீட்டி முழக்கவில்லை. தெருமுனைத் தொட்டி போய்விட்டது. வண்டி வாசலுக்கே வருகிறது. மட்கும் குப்பைக்கு ஒரு நாள், மட்காததற்கு வேறு நாள். கலந்து கொடுத்தால் தொடமாட்டார்கள். எனக்கு இதில் எந்தச் சண்டையும் இல்லை.

எதிர்வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்குப் பார்வை மங்கல். புது முறை தொடங்கிய வாரத்தில் அவருடைய பையை எடுக்காமல் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு வண்டி போய்விட்டது. நான் வெளியே வந்தபோது அவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, பையை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். “என்னம்மா போட்டிருக்கு இதுல?” என்றார். தரம் பிரிக்கவில்லை, மறுபடி நடந்தால் அபராதம் என்று போட்டிருந்தது. என் வாயில் என்ன வந்தது தெரியுமா? “இன்னைக்கு வண்டியில இடம் இல்லையாம் தாத்தா, நாளைக்கு எடுத்துக்குவாங்களாம்.”

“அப்புறம் ஏம்மா சிவப்புல ஒட்டியிருக்கான்?”

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பையை வாங்கிப் போய்ப் பிரித்து வைத்தேன். வண்டியில் வந்தவர் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவருக்கு அந்த ஒரு வார்த்தைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

இரவு ஷிப்ட்:

வண்டி வருகிற நேரம் நான் தூங்குகிற நேரம். பாட்டுச் சத்தம் காதில் விழுந்து, எழுந்து, படி இறங்குவதற்குள் அது தெரு திரும்பிவிடும். முன்பெல்லாம் எந்த நேரத்திலும் முனைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். அந்த வசதியைப் பற்றி யாருமே பேசுவதில்லை, தொட்டி நாறியதை மட்டும் பேசுகிறார்கள்.

ஒரு நாள் பையோடு ஓடிப்போய் அடுத்த தெருவில் வண்டியைப் பிடித்துவிட்டேன். அதில் இருந்தவர் கை நீட்டவில்லை. “இது அந்தத் தெருக் குப்பை சார். இங்க ஏத்தினா எடைக் கணக்கு தப்பும்” என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே சொல்கிறார். நான் திரும்பி நடந்த வழியெல்லாம் பை சொட்டிக்கொண்டே வந்தது.

அண்ணன் லாரியில்:

மேலே இரண்டு பேரும் வாசலுக்கு உள்ளே நின்று பேசுகிறீர்கள். என் அண்ணன் வாசலுக்கு வெளியே நிற்பவர்.

பிரித்துக் கொடுக்கச் சொன்ன பிறகு அவருக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. பையைத் திறந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு. கையுறை கொடுத்தார்கள், துணிக் கையுறை. காகிதம் என்று கொடுத்த பையில் சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலின் ஊசி, மூடி இல்லாமல். உள்ளங்கையில் ஏறிவிட்டது.

ஊசி குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று டாக்டர் முடிவு செய்தால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும், அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அண்ணன் ஆரம்பித்தார், 28 நாள் சாப்பிட்டார். மஞ்சள் காமாலை வகைகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவுகள் வருகிறவரை வீட்டில் அவர் இருந்த இருப்புதான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. அவருடைய சின்ன மகள் “தூக்குப்பா” என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “அப்பா கை அழுக்குடா” என்கிறார். அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். தொட்டால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை.

எல்லாப் பரிசோதனையும் நல்லபடியாக வந்தது. ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கித் திருகி, மேலே ‘ஊசி’ என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். மருத்துவமனையில் வாங்கிக்கொள்வார்கள் என்றால் அங்கேயே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. பிளேடு, உடைந்த கண்ணாடி என்றால் கெட்டியான அட்டைப் பெட்டியில் போட்டு, டேப் சுற்றி, அதன் மேலும் எழுதுங்கள்.

சும்மா ஒரு ஆள்:

அண்ணனுக்கு நேர்ந்தது கஷ்டம்தான். ஆனால் இந்தப் பிரிப்பே ஒரு கண்துடைப்பு, அதையும் சொல்லியாக வேண்டும். நானே என் கண்ணால் பார்த்தேன். பச்சைத் தொட்டி ஒன்று, நீலத் தொட்டி ஒன்று என்று வீட்டம்மா தினமும் பார்த்துப் பார்த்துப் பிரிக்கிறார். வெளியூர் கிளம்பிய ஒரு விடியற்காலை, சின்ன வண்டிகள் வந்து பெரிய லாரியில் கொட்டுகிற இடத்தைத் தாண்டிப் போனேன். பச்சையும் நீலமும் ஒரே வாய்க்குள் போகிறது. பின்தகடு இறங்கி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அமுக்கு. அதை வீட்டில் நான் இன்னும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குப் பால் கவரைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்.

மாடித்தோட்டம்:

மேலே சொன்னவருக்கு: ஒரு லாரியைப் பார்த்துவிட்டு எல்லாமே ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம். நடுவில் தடுப்பு வைத்த லாரிகள் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வாய் போலத்தான் தெரியும். அதுவும் இல்லாமல், உலர்ந்த லோடில் ஈரக் குப்பை அதிகமாகக் கலந்து வந்தால் மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். எண்ணெய் ஊறிய காகிதத்தை மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். உங்கள் வீட்டம்மா கழுவிய கவருக்கு அடுத்த வீட்டுக் குழம்பு எமன்.

என் அனுபவம் சின்னது. வாரம் ஒரு முறைதான் எடுப்போம் என்றதும் தொட்டியில் புழு வைத்துவிட்டது, என் அம்மா அதைப் பார்த்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. அதோடு குப்பை வண்டியை நம்புவதை விட்டேன்.

நீங்களும் விடலாம். மூடி போட்ட பழைய வாளி ஒன்று போதும். பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டை போடுங்கள். அடியில் காய்ந்த இலை. அதன் மேல் காய்கறிக் கழிவு, அதன் மேல் மறுபடி காய்ந்த இலை. ஈரம் ஒரு பங்கு என்றால் காய்ந்தது இரண்டு மூன்று பங்கு இருக்கட்டும். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, காற்றுப் போகவில்லை என்று அர்த்தம்: கிளறிவிட்டு இலையோ கிழித்த அட்டையோ சேருங்கள். ஒன்றுமே நடக்காமல் அப்படியே கிடந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். எலும்பு, மீன், எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், எலி வரும். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு உதிர்ந்து வரும். இதையே குப்பை மேட்டில் கொட்டினால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 80 மடங்கு சூடேற்றும் வாயு அது.

முடியாது என்பவர்களுக்கு: ஜப்பானில் கமிகாட்சு என்ற சின்ன ஊரில் குப்பை வண்டியே கிடையாது. மக்களே மையத்துக்குக் கொண்டுபோய் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரித்துப் போடுகிறார்கள். குப்பையே இல்லாத ஊர் ஆவோம் என்று 2003இல் அறிவித்தார்கள். தென் கொரியாவில் உணவுக் கழிவை நேராக நிலத்தில் கொட்ட 2005இலேயே தடை போட்டுவிட்டார்கள். பல அடுக்குமாடிகளில் அட்டையைக் காட்டினால்தான் தொட்டி திறக்கும், எடை போட்டுப் பணம் எடுக்கும். மனசு வைத்தால் நடக்கும்.

வாடகைக்கு இருப்பவள்:

மாடித்தோட்டம் சார், உங்களுக்கு மாடி இருக்கிறது. எனக்கு ஒரு அறையும் இரண்டு அடி பால்கனியும். அதில் வாளி வைத்தால் துணி காயப்போட இடம் இல்லை. கமிகாட்சுவில் இருப்பவர்கள் 1,500 பேருக்கும் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், எங்கள் குடியிருப்பிலேயே ஏறக்குறைய அத்தனை பேர்.

எங்களுக்கு எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே வரிசைத் தொட்டிகள். ஒரு நாள் வேலையிலிருந்து வந்தால் அதிகாரி ஒருவர் கீழே காத்திருக்கிறார். அவர் கையில் ஈரமான கவர் ஒன்று, அதன் மேல் என் பெயர், கதவு எண். வங்கியிலிருந்து வந்த கடித உறை, நான் கிழித்து உலர்ந்த குப்பையில் போட்டது. அது யாரோ போட்ட டயப்பருக்குள் சிக்கிக் கிடந்ததாம். ஆதாரம் இதுதான், அபராதம் கட்டுங்கள் என்றார். உறையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து என் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். என் பெயரில் ‘ழ’ மட்டும் மை கரைந்து போயிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் குழந்தையே இல்லை சார் என்றேன். சொன்னதும்தான் உறைத்தது, இதை ஏன் இப்படி நடு வாசலில், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்க, ஒருவரிடம் சொல்ல வேண்டி வந்தது என்று.

அபராதத்தை அப்புறம் எழுதிக் கொடுத்து ரத்து செய்துவிட்டேன், அது பெரிய விஷயம் இல்லை. இப்போது பெயர் இருக்கிற எதையும் பொடிப்பொடியாகக் கிழித்த பிறகுதான் போடுகிறேன். பொடியாகக் கிழித்த காகிதத்தைத் தரம் பிரிக்கும் இடத்தில் எடுப்பது கஷ்டமாம். அதற்கும் நான்தான் காரணம் என்பார்கள்.

நாலாவது கியர்:

நான் லாரி ஓட்டுகிறவன். ஊசிக் கதை போட்ட தங்கச்சிக்கு: அண்ணனிடம் கனமான ரப்பர் கையுறை கேட்டு வாங்கச் சொல்லும்மா, எழுத்தில் கேட்கச் சொல்.

என் கதை பேட்டரி. வீட்டுக் குப்பையில் பழைய செல்போன், சார்ஜ் போடும் விளக்கு, பொம்மை எல்லாம் வருகிறது. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. லாரி அமுக்கும்போது அது நசுங்கினால் தீப்பிடிக்கும். கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் வெள்ளையாகப் புகை. உள்ளே எரிகிற லோடை வைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது. ஆள் இல்லாத பக்கமாக நிறுத்தி, வெளியே கொட்டிவிட்டு, வண்டியைத் தள்ளி எடுத்துக்கொண்டு தீயணைப்பை அழைக்க வேண்டும், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். அகலமான இடமாகப் பார்த்துக் கொட்டினேன்.

பெரிய வீட்டிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். தீயைப் பார்க்கவில்லை, கொட்டிய குப்பையைத்தான் பார்த்தார். “எங்க வாசல்தான் கிடைச்சுதா? ஊருக்கு வெளிய ஓட்டிக்கிட்டுப் போய்க் கொட்டு” என்கிறார். “எரியுற வண்டியையா சார்?” என்றேன். “ஆமா, அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்” என்றார்.

தீயணைப்புக்காரர்கள் தண்ணீர் அடித்து அடித்துக் கிளறியதில் ஊதிப்போன பேட்டரி ஒன்று கிடைத்தது. அவரும் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் வீட்டுப் பேட்டரி என்று நான் சொல்ல மாட்டேன், அந்தத் தெரு முழுக்க ஏற்றிய லோடு அது.

பேட்டரியை எந்தக் கலர் தொட்டியிலும் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள், மின்னணுக் கழிவு வாங்குகிற நாளில் கொடுங்கள். ஊதியிருந்தால் வீட்டுக்குள் சேர்த்தும் வைக்காதீர்கள், உடனே கேட்டுக் கொடுத்துவிடுங்கள். குழல் விளக்கும் அப்படித்தான், உள்ளே பாதரசம். உடைக்காமல் தாருங்கள்.

சும்மா ஒரு ஆள்:

நாலாவது கியர் அண்ணே, நேராகவே கேட்கிறேன். பச்சையும் நீலமும் ஒன்றாகப் போகிறதா இல்லையா?

நாலாவது கியர்:

எங்கள் லாரியில் தடுப்பு உண்டு. ஆனால் ஒரு வண்டி பழுதானால் இருக்கிற வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றச் சொல்வார்கள். நீங்கள் பார்த்தது அப்படி ஒரு நாளா, தினமும் அப்படியா என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் வீட்டம்மாவிடம் சொல்ல வேண்டாம் தம்பி, கவரைக் கழுவட்டும்.

இரவு ஷிப்ட்:

மாடித்தோட்டம், வாளியின் அடியில் ஓட்டை போடச் சொன்னீர்களே, வடிகிற தண்ணீர் எங்கே போகும்? எனக்குக் கீழ்வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

மாடித்தோட்டம்:

அடியில் தட்டு வையுங்கள். சொட்டுவதைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றலாம். செடி இல்லையென்றால் ஒன்று வாங்குங்கள்.