எந்தக் கோயில் மொட்டை?

பாபநாசம் பக்கம், உரக்கடை வைத்திருப்பவர், வயது 36

எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் மொட்டைத் தலையோடு தெருவில் வந்தால் இரண்டே கேள்விதான். தலையில் சந்தனம் இருந்தால், "எந்தக் கோயில்?" சந்தனம் இல்லையென்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரு?" மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு அந்த மூன்றாவது காரணம்தான். முடி போய்விட்டது, மிச்சத்தையும் நானே எடுத்துவிட்டேன்.

24 வயதில் முன்நெற்றி ஏற ஆரம்பித்தது. முப்பதுக்குள் உச்சி பளிச்சென்று தெரிந்தது. அம்மா சின்ன வெங்காயத்தை அரைத்துச் சாறு பிழிந்து தேய்ப்பார். கடைக்கு வருகிறவர்கள், "என்ன தம்பி, உரக்கடையில சாம்பார் வாசனை வருது" என்பார்கள். கரிசலாங்கண்ணி எண்ணெய், செம்பருத்தி, ஊறவைத்த வெந்தயம் என்று பாதிச் சமையலறை என் மண்டைக்குப் போனது. திருச்சியில் ஒரு முடி கிளினிக்கில் ஆறு மாதத் திட்டம் என்றார்கள். குறுவை விற்ற காசில் ஒரு பங்கைக் கொண்டுபோய்க் கட்டினேன். சிகிச்சைக்கு முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம். இரண்டுக்கும் வித்தியாசம், இரண்டாவது படம் எடுத்தபோது ஒரு விளக்கை அணைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் கறுப்புத் தூள். தலையில் தூவினால் இருக்கிற முடியோடு ஒட்டிக்கொண்டு அடர்த்தியாகக் காட்டும். கடையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் வரை அருமையான பொருள். சித்தி மகளுக்குக் கல்யாணம், கும்பகோணத்தில் மண்டபம், வைகாசி மாதம். அண்ணன் முறை என்பதால் பொரியிட நான்தான் மணவறையில் நிற்க வேண்டும். வெயில், ஓமப்புகை, வீடியோக்காரரின் விளக்கு. கழுத்தில் ஏதோ ஊர்வது தெரிந்தது, வியர்வை என்று விட்டுவிட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து நின்று, "அம்மா, மாமாவுக்குத் தலை கரையுது!" என்றது. வெள்ளைச் சட்டைக் காலரில் இரண்டு கறுப்பு வாய்க்கால். அந்த வீடியோவை இன்றைக்கும் வீட்டில் போட்டுப் பார்க்கிறார்கள்.

மறுநாளே சலூனுக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்றேன். சின்ன வயதிலிருந்து எனக்கு முடி வெட்டுகிற அண்ணன் அவர். கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்துவிட்டார். "அப்பா நல்லாத்தானே இருக்காரு? அவர் இருக்கிறப்ப சும்மா மொட்டை அடிச்சு விட்டேன்னா, நாளைக்கு உங்க அம்மா என்னைத்தான் கேப்பாங்க." வீட்டில் சொன்னேன். அம்மா அதற்கு மேல்: "கல்லு மாதிரி மனுஷன் உக்காந்திருக்காரு, மொட்டை போடறேங்கிறியே, வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

வழி கண்டுபிடித்தது அப்பாதான். எங்களுக்கு வைத்தீஸ்வரன்கோயில் குலதெய்வம். "எனக்கு முட்டிவலி வந்தப்ப வேண்டிக்கிட்டேன், பாக்கி இருக்கு. பையன் போய்க் குடுத்துட்டு வரட்டும்" என்றார். அப்படி ஒரு வேண்டுதல் இருந்ததா என்று நான் இதுவரை கேட்கவில்லை. அறநிலையத்துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே கிளினிக்கில் ஆயிரக்கணக்கில் கட்டியும் தீராத விஷயம் வைத்தீஸ்வரன்கோயிலில் இலவசமாக, பத்து நிமிடத்தில் தீர்ந்தது. சித்தாமிர்தக் குளக்கரையில் நின்று தடவிப் பார்த்தேன். முகம் ஒரு நிறம், மண்டை ஒரு நிறம், பாதி உரித்த பனங்கிழங்கு மாதிரி. மயிலாடுதுறை தாண்டிப் பேருந்தில் ஜன்னலோரம் வரும்போது காற்று நேராக மண்டையில் பட்டது. பத்து வருடமாகக் காற்றடித்தால் கையைத் தூக்கித் தலையை மூடிப் பழகியவன் நான். அன்றைக்கும் கை பாதிவரை எழுந்தது.

கோயில் மொட்டைக்கு ஊரில் ஒரு மாதம்தான் கணக்கு. அடுத்த மாதம் நானே வீட்டில் மழித்துக்கொண்டு கடைக்கு வந்தபோதுதான் விஷயம். வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து யூரியா வாங்க வருகிற பெரியவர் ஒருவர் உண்டு. படியேறி வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலியே தம்பி. எப்ப?"

"எது தாத்தா?"

"அப்பாதானே?"

அப்பா பின்னால் டிஏபி மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். குரல் கேட்டு வெளியே வந்து, "வாங்க மாமா. எனக்கு என்ன?" என்றார். பெரியவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டீ வரவழைத்துக் கொடுத்தோம். பாதி குடித்த பிறகு கேட்டார்: "அப்புறம் எதுக்குப்பா மொட்டை?"

"முடி இல்ல தாத்தா, அதான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அதான் இல்லையே. அப்ப எதை எடுத்தே?"

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.


மன்னார்குடி, சலூன் நடத்துபவர்

அந்தச் சலூன்காரர் நானில்லை. ஆனால் நானும் மறுத்திருப்பேன். தொழிலில் 22 வருடம் ஆகிறது. அப்பா இருக்கிற பையனுக்குக் காரணம் கேட்காமல் கத்தி வைத்ததில்லை. இப்போது கொஞ்சம் மாறிவிட்டேன், "வீட்ல சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்கிறேன்.

சொட்டை விழுகிறவர்களை நாற்காலியில் உட்காரும்போதே கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடியைப் பார்க்கமாட்டார்கள். செல்போனைப் பார்ப்பார்கள், சுவரில் காலண்டரைப் பார்ப்பார்கள். "பக்கத்து முடியைத் தொடாதீங்கண்ணே" என்பார்கள். இடது காதுக்கு மேலிருந்து வலது காது வரை இழுத்துச் சீவி மூட வேண்டுமே, அதற்கு. அப்படிச் சீவினால் எவ்வளவு இல்லை என்பதுதான் அளந்துவைத்தது போலத் தெரியும். நான் வாயைத் திறப்பதில்லை. சொன்னால் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

முழுதாக எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எடுத்தவுடன் கத்திக்குப் போகாதீர்கள். முதலில் மெஷினில் ஜீரோ போட்டு ஒரு வாரம் நடமாடுங்கள். பிடிக்கவில்லையென்றால் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் எப்படியும் வளர்ந்துவிடும், பழைய கோலத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம். கத்தி வைப்பதானால் புது பிளேடு மாற்றச் சொல்லிக் கேளுங்கள், கண்ணெதிரே உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற கடை உங்களுக்கு வேண்டாம். வீட்டில் என்றால் வெந்நீரில் குளித்த கையோடு, முடி வளர்ந்திருக்கும் போக்கிலேயே இழுங்கள். எதிர்த்து இழுத்தால் பின்கழுத்தில் கொப்புளம் கிளம்பும். காது மடலுக்குப் பின்னால்தான் எல்லோரும் வெட்டிக்கொள்கிறார்கள். படிகாரக் கல் ஒன்று வாங்கி வையுங்கள்.


திருத்துறைப்பூண்டி, வயது 26

எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொப்பி போட்ட படம் கொடுத்தோம். தரகர், "தொப்பி இல்லாம ஒண்ணு அனுப்புங்க, பொண்ணு வீட்ல கேக்கிறாங்க" என்றார். பழைய கல்லூரிப் படத்தைத் தேடி அனுப்பினோம். நேரில் போனபோது பெண்ணின் அப்பா என்னிடம் பேசவில்லை, என் அப்பாவிடம் மேட்டூர் திறந்ததைப் பற்றியே பேசிவிட்டு எழுந்துவிட்டார். ஜீரோ போட்டுப் படம் எடுக்கலாமா, இல்லை கல்யாணம் வரைக்கும் இருப்பதை வைத்து ஓட்டலாமா? யாராவது சொல்லுங்கள்.


நாகப்பட்டினம், பள்ளி ஆசிரியை

ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் மார்பகத்தில் கட்டி. கீமோ ஆரம்பித்த மூன்றாவது வாரம் முடி விழுந்தது. கொத்துக்கொத்தாக என்று சொல்வார்கள், உண்மையில் அப்படித்தான். தலையணை உறை, சாம்பார்க் கரண்டி, தங்கையின் புடவை எல்லாவற்றிலும். இனி பொறுக்க முடியாது என்று நானே என் வீட்டுக்காரரை மெஷின் வாங்கி வரச் சொன்னேன். அவர் கை நடுங்கியது. பின்பக்கம் முழுக்கத் திட்டுத்திட்டாக விட்டுவிட்டார், மகள்தான் சரிசெய்தாள்.

உங்களிடம் "யாரு?" என்று கேட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நேராக என் நெற்றியைப் பார்த்தார்கள், பொட்டு இருக்கிறதா என்று. அப்புறம் கழுத்தை. தாலி கண்ணில் பட்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தார்கள். இந்த ஜில்லாவின் அக்கிரகாரங்களில் தலை மழித்த பாட்டிமார்கள் இருந்த காலத்தை எங்கள் தெரு இன்னும் மறக்கவில்லை. எதிர்வீட்டு அம்மா ஒருநாள், "புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறப்ப முக்காடாவது போட்டுக்கோயேன்" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

டோப்பா வாங்கினேன். நாகையின் புழுக்கத்தில் அதை ஒருமணி நேரம் தலையில் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், எறும்புப் புற்றைக் கவிழ்த்துக்கொண்ட மாதிரி. பள்ளிக்குத் திரும்பிய இரண்டாம் நாள் ஆசிரியர் அறையிலேயே கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஆறாம் வகுப்புக்குப் போனேன். வகுப்பே அமைதி. முன்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், வேளாங்கண்ணியா?" என்றான். "ஆமாம்" என்றேன். எல்லோருக்கும் புரிந்துவிட்டது, பாடம் ஆரம்பித்துவிட்டோம். ஒரு பொய்தான். அவனுடைய அக்காவும் அந்த வாரம் அங்கே மொட்டை போட்டிருந்தாளாம்.

எங்கள் தெருப் பூக்காரம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தினம் ஒரு முழம் எனக்கு வழக்கம். மழித்த மறுநாள் காலை வழக்கம் போல அளந்து நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. "சாமிக்குப் போடு. நான் எதுக்கு அளவை மாத்தணும்?" என்றார். காசும் வழக்கம் போல வாங்கிக்கொண்டார். எனக்கு அதுதான் பிடித்தது.

எனக்கு முடி வந்துவிட்டது. முன்பு நேர்முடி, இப்போது சுருட்டை. அதனால் திரும்பி வராதவர்களிடம் தைரியமாக இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.


தஞ்சாவூர், ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று பல வருடம் பார்த்ததைச் சொல்கிறேன். முடி மருந்து கேட்டு வருகிறவர் மற்ற எல்லோரும் போகும்வரை காத்திருப்பார். ஆணுறை கேட்கிறவருக்குக்கூட அவ்வளவு கூச்சம் இல்லை.

வருகிறவர்களில் பாதிப்பேர் பயப்படத் தேவையில்லாதவர்கள். டெங்கு, டைபாய்டு வந்து போன இரண்டு மூன்று மாதம் கழித்து, அல்லது பிரசவத்துக்குப் பிறகு, முடி மொத்தமாகக் கொட்டும். அது பெரும்பாலும் தானே திரும்பி வரும். காசு அளவுக்கு வட்டமாக விழுந்தால் புழுவெட்டு. அதில் புழு எதுவும் இல்லை, உடம்பின் எதிர்ப்புச்சக்தியே முடிவேரைத் தாக்குகிறது, தோல் மருத்துவரிடம் போக வேண்டும். முன்நெற்றியும் உச்சியும் மட்டும் மெல்ல மெல்லக் காலியாகிப் பின்பக்கம் அப்படியே நிற்கிறது என்றால் பரம்பரை வழுக்கை. டிஹெச்டி என்கிற ஹார்மோன் முடிவேரைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது. தாய்மாமனை மட்டும் திட்டாதீர்கள், அப்பா பக்கத்துக்கும் அதில் பங்குண்டு.

மினாக்சிடில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவுவதாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது. சிலருக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டும், அதைப் பார்த்துப் பயந்து நான்காவது வாரமே பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள். நிறுத்தினால் வந்ததும் போய்விடும், ஆக அதைக் காலம் முழுக்கத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். பினாஸ்டரைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொடவே கூடாது. வெங்காயச் சாறு பற்றிக் கேட்டால், சாம்பாருக்கு நல்லது என்றுதான் சொல்லி அனுப்புவேன்.

நானும் சொட்டைதான். 40 வருடமாகச் சீவிக்கொண்டிருக்கிறேன். எடுக்கத் தைரியம் வரவில்லை.


மறுபடியும் பாபநாசம் பக்கம்

திருத்துறைப்பூண்டித் தம்பிக்கு: ஜீரோ போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். நான் அப்படி அனுப்பவில்லை, கறுப்புத் தூள் போட்டுத்தான் பெண் பார்க்கப் போனேன். கல்யாணமாகிப் பத்தாம் நாள் தலையணை உறையைத் துவைக்கப் போட்ட என் மனைவி, "இது என்ன கரி?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பெண்ணின் அப்பா எவ்வளவோ தேவலாம்.

டீச்சரம்மா, பூக்காரம்மாவைப் பற்றி எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஹெல்மெட்டுக்குள் என்ன செய்கிறீர்கள் என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். பருத்திக் கைக்குட்டை ஒன்றை விரித்துப் போட்டுக்கொள்கிறேன். முடி இல்லாவிட்டால் வியர்வை நேரே கண்ணுக்குள் இறங்கும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெயிலில் வயலுக்குப் போனால் துண்டு கட்டாயம். மார்கழியில் பனித்தொப்பி இல்லாமல் வாசலுக்கே வரமுடியாது.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மட்டும் நிற்கவில்லை. முற்றத்தில் உட்காரவைத்து அம்மாதான் தேய்த்துவிடுகிறார். முன்பு ஒரு கரண்டி காய்ச்சுவார், இப்போது கால் கரண்டி போதும் என்கிறார். மிச்சத்தை அப்பாவின் முட்டிக்குத் தேய்த்துவிடுகிறோம்.