விண்டோஸ் 10 முடிஞ்சுது, நீங்கள் எதுக்கு மாறினீங்கள்?

வெள்ளவத்தையான்:
அம்மாவின்ர லப்டொப் 2016இல வாங்கினது. ஆறாம் தலைமுறை இன்ரெல் ஐ5 புரொசசர், 8 ஜிபி ரேம், இடையில வேகமான டிஸ்க், ஒரு எஸ்.எஸ்.டி.யும் போட்டுக் குடுத்தனான். ஒரு குறையும் இல்லை. ஆனா 2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழமையான அப்டேட் நிண்டிட்டுது. 11க்குப் போக இன்ரெல்லில எட்டாம் தலைமுறை வேணும், ரி.பி.எம். 2.0 எண்ட பாதுகாப்புச் சிப்பும் வேணும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் ரெண்டு இடத்தில கேட்டன். ஒருத்தர் "புதுசு எடுங்கோ" எண்டார். மற்றவர் "அந்தச் செக்கிங்கைத் தாண்டி ஏத்தித் தாறன்" எண்டார். ஏத்தினா ஓடும்தான், பிறகு அப்டேட் வருமெண்டு ஆர் உத்தரவாதம்? அம்மா பாங்க் கணக்குப் பாக்கிற மெஷின். அந்த விளையாட்டு வேண்டாமெண்டு வந்திட்டன்.

விண்டோசுக்குப் பதிலா ஓடுற இலவச சிஸ்டம் லினக்ஸ், அதில ஒரு வகை மிண்ட். பென் டிரைவில லினக்ஸ் மிண்ட் எழுதி, லப்டொப்பில ஒண்டையும் அழிக்காம அதிலயிருந்தே ஓட்டிப் பாத்தம். வைஃபை, சத்தம், கமரா எல்லாம் உடன வந்துது. அம்மாவுக்குத் தேவை வட்சப், யூரியூப், வீரகேசரி. எல்லாம் பிரவுசருக்குள்ளதானே. ரெண்டு நாள் பாத்திட்டு விண்டோசுக்குப் பக்கத்திலயே ஏத்தி விட்டன்.

அதுக்குப் பிறகுதான் வில்லங்கம். லினக்ஸ் மதர்போர்ட் மணிக்கூட்டைக் கிறீன்விச் நேரத்தில வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமெண்டு வாசிக்கும். ஒருநாள் காலமை எட்டரைக்கு விண்டோசைத் திறந்தா விடியப்பறம் மூண்டு மணி காட்டுது. அம்மா பதறேல்லை. "லண்டன் நேரமாக்கும், சித்திக்குக் கோல் எடுக்க வசதி" எண்டா. லினக்ஸ் பக்கம் ஒரேயொரு கட்டளை குடுத்து அதையும் உள்ளூர் நேரத்துக்கு மாத்தினன், சரியாப் போச்சு.

பிரின்டர்தான் இண்டைக்கும் சரிவரேல்லை. பழைய லேசர். மூண்டு பின்னேரம் மினக்கெட்டன். ஒருக்காத் தாள் வரும், அடுத்த தரம் வராது. இப்ப பி.டி.எஃப். ஆக்கிக் கீழ இருக்கிற கொமியூனிகேஷன் கடைக்கு அனுப்பி எடுக்கிறம்.

கொட்டாஞ்சேனை அச்சகம்:
சிரிக்காதீங்க, நம்ம கடையில இன்னும் ஒரு எக்ஸ்பி மெஷின் ஓடுது. அதுக்கு 2014லயே அப்டேட் நின்னு போச்சு. நெட் வயரைப் புடுங்கிட்டுத்தான் வச்சிருக்கேன். பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர், இங்கிலீஷ் எழுத்து எடத்துல தமிழ் வடிவத்த வச்ச பாமினி ஃபொன்ட், இருபது வருஷத்துக் கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ் எல்லாம் அதுலதான் கெடக்கு.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு வீட்டுக்காரங்க செத்தவரோட முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு, அதான் நினைவுப் புத்தகம், அடிக்க வந்தாங்க. மகன் லினக்ஸ்ல, இப்ப எல்லா போன்லயும் நெட்லயும் வர்ற யூனிகோட் எழுத்துல, தேவாரம் முதக்கொண்டு அழகா டைப் பண்ணி எடுத்துட்டு வந்திருந்தாரு. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. கன்வேர்ட்டர்ல போட்டு பாமினிக்கு மாத்துனேன். ஸ்ரீ வர்ற எடமெல்லாம் வெறும் கட்டம். செத்துப்போனவர் பேர்லயே ஒரு ஸ்ரீ! இருபத்தாறு பக்கத்தையும் வரி வரியா கண்ணாலயே பாத்துத் திருத்தினேன். பெறகு புரூஃப் பாக்க அந்தத் தம்பிக்கு எழுத்தை மட்டும் அனுப்புனா, "அண்ணே, என்ன இது?"ன்னு போன் வருது. அவர் மெஷின்ல பாமினி இல்ல. அம்மாங்கிற சொல்லு எம், கே, அரைப்புள்ளி, கே, எச்சுன்னு இங்கிலீஷ்ல நிக்குது. ஃபொன்ட் ஃபைலை அனுப்பினேன், லினக்ஸ்லயே போட்டுக்கிட்டாரு, எழுத்து வந்துருச்சு.

எதுக்கு மாறினீங்கன்னு கேக்குறீங்க. என் மெஷின்ல என்ன ஓடணும்னு முடிவு பண்றது நானில்ல, பழைய ஃபைலுங்க. வீட்ல மக மிண்ட்தான் பாவிக்குது, அது வேற கதை.

தெமட்டகொடை கணக்கு:
நான் உபுண்டுவுல, அதுவும் ஒரு லினக்ஸ்தான், ரெண்டு மாசம் இருந்துட்டுத் திரும்பி வந்த ஆள். வேகம், வைரஸ் பயம் இல்ல, எல்லாம் உண்மைதான். மாசக் கடைசி வந்திச்சு. எங்கட சம்பள ஷீட் முதலாளிக்கு ஆரோ பத்து வருஷத்துக்கு முந்தி எக்செல்ல செஞ்சு குடுத்தது. சம்பளத்துல ஊழியர் சேமலாப நிதி ஈ.பி.எஃப். ஊழியருக்கு 8, முதலாளிக்கு 12, நம்பிக்கை நிதி ஈ.ரி.எஃப். 3 வீதம், எல்லாமே மேக்ரோவுக்குள்ள, அதாவது பட்டனை அமத்தினா தானா ஓடுற நிரலுக்குள்ள. உபுண்டுவுல எக்செலுக்குப் பதிலா இருக்கிற லிப்ரே ஒபிஸ்ல கூட்டல் கழித்தல் சரி, பட்டனை அமத்தினா மட்டும் பிழைச் செய்தி. அந்த மேக்ரோ எழுதின ஆளைத் தேடிப் பிடிக்க ஏலாது. கையால கணக்குப் பார்த்து இரவு பதினொரு மணிக்கு முடிச்சன். அடுத்த கிழமையே எட்டாம் தலைமுறையில ஒரு செகண்ட்ஹான்ட் லப்டொப் எடுத்து விண்டோஸ் 11 போட்டாச்சு. உபுண்டு மெஷின் இப்ப பிள்ளைகளுக்கு.

கொழும்பு ஆறு:
நான் மக்புக். 2021இல எம்1, இன்ரெல் இல்லாம அப்பிள் தானே செய்த சிப் உள்ளது, வாங்கேக்க எல்லாரும் விசரன் எண்டாங்கள். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமப் போகேக்க வீட்டில வேலை செய்தது அது ஒண்டுதான். தமிழ் அடிக்கிற தமிழ்99, அஞ்சல் கீபோர்ட் ரெண்டும் உள்ளேயே இருக்கு, ஒண்டும் இறக்கத் தேவையில்லை. விலைதான், அதைக் கதைக்க வேண்டாம். ஒண்டு சொல்லுறன்: மலிவெண்டு பழைய இன்ரெல் மக் வாங்கிப் போடாதேங்கோ. மக் ஓ.எஸ். 26தான் இன்ரெல்லுக்குக் கடைசி எண்டு அப்பிளே 2025 ஜூனில சொல்லிப் போட்டுது.

தெமட்டகொடை கணக்கு:
வெள்ளவத்தையான், பழைய 10ஐ அப்பிடியே வச்சிருக்க ஏலாதா? மச்சான்ட மெஷினும் உங்கட மாதிரித்தான்.

வெள்ளவத்தையான்:
தனிப்பட்ட பாவனைக்கு நீடிச்ச பாதுகாப்பு அப்டேட் எண்டு ஒண்டு குடுக்கினம், பதிஞ்சு வைச்சா 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் வரும். விண்டோஸ் பக்கத்துக்கு நானும் அதைத்தான் பதிஞ்சு வைச்சிருக்கிறன். மச்சான் பிரின்ட் கனக்க எடுக்கிறவரெண்டா, பென் டிரைவில ஓட்டேக்கயே முதல் வேலையா ஒரு தாள் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. நான் அதைச் செய்யேல்லை. 8 ஜிபி பென் டிரைவ் காணும். மிண்ட் 22 இறக்கினது என்னட்ட இருக்கு, 2029 வரைக்கும் அதுக்கு அப்டேட் வரும். சனிக்கிழமை பின்னேரம் இந்தப் பக்கம் வந்தா எழுதித் தாறன்.